பழைய மோட்டார் வண்டியில் பெட்ரோல் நாற்றம்: காரணமறிந்து நிவர்த்தி செய்யும் விதம்

பெட்ரோல் யந்திரம் பூட்டிய பழைய மோட்டார் வண்டிகள் நம் கிராமங்களில் இன்னும் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரும், அதற்கு முன்பே நின்றுவிட்ட பத்மினியும், பழைய ஜீப்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவ்வண்டிகளை வைத்திருப்போரில் பலர், “பழைய வண்டியென்றால் பெட்ரோல் நாற்றம் இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லிச் சமாதானம் அடைந்துவிடுகிறார்கள். இந்தச் சமாதானம் அபாயகரமானது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதனால் பெட்ரோல் தானாக நாறுவதில்லை; அடைபட்டிருக்க வேண்டிய ஓரிடத்திலிருந்து அது வெளியே வருகிறது என்பதே நாற்றத்தின் பொருள். வண்டிக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வைக்கோற்போரும், சங்கத்தின் தானியக் கிடங்கும், சமையற்கட்டும் அமைந்திருக்கும் ஊர்களில் இவ்விஷயத்தை அசட்டை செய்தல் ஆகாது.

மண்ணெண்ணெயைக் கையாண்டு பழகியவர்கள் பெட்ரோலையும் அதன் தம்பியாகவே எண்ணுவதுண்டு. இரண்டிற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய ஆவியை விட வேண்டுமானால் அதன் உஷ்ணம் ஏறக்குறைய 38 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட வேண்டும். பெட்ரோலோ பனிக்கட்டியைவிடப் பன்மடங்கு குளிர்ந்த நிலையில், அதாவது பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 40 டிகிரியிலேயே அவ்வாறான ஆவியை விடுகிறது. காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். மேலும் அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் அது மேலே எழும்பிக் கலைந்து போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து, பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தங்கி, தூரத்திலுள்ள அடுப்பை எட்டிப்பிடிக்கும். வண்டிக்கு அடியில் வேலை செய்வதற்காகத் தோண்டிய குழியில் இறங்கி இந்தக் கசிவைத் தேடுவது எவ்வளவு தவறு என்பது இதனின்றும் விளங்கும்.

நாற்றம் பலமாக இருக்குமாயின் யந்திரத்தைக் கிளப்பிப் பார்க்கலாகாது. வண்டியைக் கையால் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, ஆவி கலைந்த பிறகே பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும்; ஆவி சூழ்ந்திருக்கும்போது கழற்றினால் அவ்விடத்திலேயே பொறி பறக்கக்கூடும். பீடி, சுருட்டு, கைப்பேசி மின்னூட்டி முதலியவற்றைத் தூர வைக்க வேண்டும். கைவிளக்கு தேவையானால் அதைத் தூரத்திலேயே ஏற்றிக்கொண்டு வருவது நலம். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலும், உலர்தூள் தீயணைப்புக் கருவி ஒன்றும் இருக்கட்டும். பெட்ரோல் தண்ணீரில் மிதப்பதால், எரியும் பெட்ரோலின்மீது தண்ணீரைக் கொட்டினால் தீ பரவுமேயன்றி அணையாது. டாங்கியிலுள்ள பெட்ரோலை வாயால் உறிஞ்சி இறக்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். நுரையீரலுக்குள் சிறிதளவு இறங்கினாலும் அது கடுமையான அழற்சியை உண்டாக்கும். தப்பித் தவறி விழுங்கியவருக்கு வாந்தி உண்டாக்க முயலாமல் உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இனி காரணத்தைத் தேடுவோம். எந்த ஸ்பானரையும் எடுப்பதற்கு முன், நாற்றம் எப்பொழுது வருகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்துக் குறித்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். பெட்ரோல் நிரப்பிய அன்று மட்டும் வருகிறதா? வளைவில் திரும்பும்போது வருகிறதா? ஓடி நின்ற பின் சிறிது நேரம் வந்து மறைகிறதா? இரவு முழுவதும் நின்றிருந்து, காலையில் கதவைத் திறக்கும்போது வருகிறதா? ஓடும்போது மட்டும் பின்புறத்திலிருந்து வருகிறதா? ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தைச் சுட்டிக் காட்டும்.

நிரப்பிய நாளிலும் வளைவுகளிலும் மட்டும் நாற்றம் உண்டாயின் டாங்கியின் மேற்பாகத்தைச் சந்தேகிக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருத்தல், நிரப்பும் வாயையும் டாங்கியையும் இணைக்கும் பெரிய ரப்பர் குழாய் பிளந்திருத்தல், காற்றுப்போக்குக் குழாய் கழன்றிருத்தல், பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக் கருவியின் அடித்தட்டு வாஷர் கெட்டிருத்தல் ஆகியவை சாதாரணக் காரணங்கள். சில வேளைகளில் குற்றம் வண்டியினுடையதன்று. கழுத்துவரை நிரப்புவதே குற்றம். பெட்ரோல் ஒரு டிகிரி உஷ்ணத்திற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வீதம் விரியும். பூமிக்கடியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 40 லிட்டர் பெட்ரோல், வெயிலில் நின்று 20 டிகிரி சூடேறினால், சுமார் முக்கால் லிட்டர் கூடுதலாகி வழிய இடம் தேடும்.

டாங்கியிலிருந்து யந்திரம் வரை செல்லும் உலோகக் குழாயைப் பொறுத்தவரை, அது வண்டிச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் பிடிகளின் உட்புறத்தில்தான் துரு தின்னும். பிடிகளைக் கழற்றிப் பார்த்தாலன்றி இது தெரியாது.

ரப்பர் குழாய்களைப் பற்றி விரிவாகச் சொல்வது அவசியம். இக்காலத்தில் பெரும்பாலான கசிவுகள் இங்கேதான் உண்டாகின்றன. நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் எதனால் என்னும் சாராயம் கலக்கப்படுகிறது. 2022-ஆம் ஆண்டில் 10 சதவிகிதமாயிருந்த கலப்பு, 2023 முதல் படிப்படியாக 20 சதவிகிதத்திற்கு உயர்த்தப்பட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும், தக்கை வாஷர்களும், சவ்வுகளும் இந்தக் கலப்பை உத்தேசித்துச் செய்யப்பட்டவையல்ல. எதனால் பழைய ரப்பரை ஊதச் செய்து மென்மையாக்குகிறது. பின்பு காயும்போது அது சுருங்கி வெடிக்கிறது. மேற்பார்வைக்கு நன்றாயிருக்கும் குழாயும் உள்ளே உரிந்து போயிருக்கலாம். பரீட்சை எளியது: குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைவில் மெல்லிய கீறல்கள் தோன்றினாலும், அழுத்தினால் பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டினாலும், கல்போல் விறைத்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஒன்று கெட்டிருந்தால் மற்றவற்றிற்கும் அதே வயதுதான். ஆகவே எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். கடையில் ‘பெட்ரோல் குழாய்’ என்று மட்டும் கேட்டால் ஏதேனும் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். எதனாலைத் தாங்கும் ரகம் என்று கேட்டு, குழாயின்மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற குறி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது உத்தமம். தண்ணீருக்கும் காற்றுக்கும் உரிய குழாய்கள் இதற்கு உதவா. கிளிப்பை மட்டுக்கு மிஞ்சி முறுக்கினால் அதுவே குழாயை வெட்டிவிடும். புகைக்குழாயின் சூடு படாத வழியில் ரப்பர் குழாயைக் கொண்டுபோக வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

யந்திரத்தின் பக்கத்தில் பூட்டிய பம்பில் ஒரு சவ்வு உண்டு. அது கிழிந்தால் பம்பின் அடிப்பாகத்திலுள்ள சிறு துவாரத்தின் வழியாகப் பெட்ரோல் கசியும். அதைவிட மோசமானது, வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் பெட்ரோல் யந்திர எண்ணெயோடு கலப்பது. எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். எண்ணெய் நீர்த்துப் பெட்ரோல் நாறினாலும், அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தாலும், வண்டியைக் கிளப்பாமல் சவ்வையும் எண்ணெயையும் மாற்ற வேண்டும். நீர்த்த எண்ணெயில் ஓடிய யந்திரத்தின் பேரிங்குகள் தேய்வதற்கு அதிக நாள் ஆகாது.

காலையில் கிளம்பும்போது நாற்றம் இருந்து, சூடானபின் மறைகிறதென்றால் குளிரில் சுருங்கும் ஓர் இணைப்பு கசிகிறதென்று கொள்ளலாம். சூடான யந்திரத்தின்மீது விழும் சொட்டு கீழே வருமுன் ஆவியாகிவிடுவதால், இத்தகைய கசிவை யந்திரம் ஆறியிருக்கும்போதே தேட வேண்டும். இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றைச் சுற்றி, பம்பு இயங்கச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால் நனைந்த காகிதம் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும். யந்திரம் ஓடுமிடத்தில் காகிதம் தொங்காமலும் சூட்டுக்குழாயைத் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்; பெருங்கசிவு தெரிந்த வண்டியில் இப்பரீட்சை கூடாது. பழுப்பு நிறத்தில் காய்ந்த கறையும் பழைய கசிவுக்கு அடையாளமே. குழாய் முனைகளில் உள்ள செம்பு வாஷர்களை ஒரு முறை கழற்றினால் புதியவற்றைப் போடுவதே முறை. அவை ஒரு முறை நசுங்கியபின் இறுகிப் போகின்றன.

கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் என்பது ஒரு சிறு தொட்டி. மட்டம் உயர்ந்ததும் மிதவை மேலெழுந்து ஊசி வால்வை மூடும். டாங்கியின் துரு ஒரு துளி வந்து அந்த ஊசியில் சிக்கினாலும், ஊசியின் முனையில் வளையமாகத் தேய்வு விழுந்தாலும் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கிறதா என்று தெரியும். சந்தேகமானால் வெந்நீரில் அமிழ்த்துங்கள். ஓட்டை இருந்தால் குமிழிகள் கிளம்பும். வெந்நீரை அடுப்பிலிருந்து தூரக் கொண்டுவந்த பின்பே இதைச் செய்ய வேண்டும். ஓட்டை மிதவைக்கு ஈயம் பற்றவைப்பதை அடியேன் சிபாரிசு செய்யமாட்டேன்: உள்ளே பெட்ரோல் இருக்கலாம், ஈயத்தின் கனத்தால் மட்டமும் மாறும். பழைய பம்பை எடுத்துவிட்டு மின்சாரப் பம்பு பூட்டிய வண்டிகளில், அதன் அழுத்தம் அதிகமாகி ஊசி வால்வைத் தள்ளித் திறப்பதும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் யந்திரம் நின்றவுடன் பம்பும் நிற்கும்படியான ஏற்பாடு இல்லையென்றால், ஒரு விபத்தில் குழாய் அறுந்தாலும் அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நீண்ட பிரயாணத்தின்பின் நிறுத்திய வண்டியில் கால்மணி நேரம் இலேசான மணம் வருவது கிண்ணத்துப் பெட்ரோல் யந்திரச் சூட்டில் ஆவியாவதனால். ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி இவ்வண்டிகளில் பலவற்றில் இல்லை. மறுநாள் காலையிலும் அது இருக்குமானால் கசிவென்றே கொள்க. ஓடும்போது பின்புறத்திலிருந்து மட்டும் வரும் நாற்றம் பெரும்பாலும் எரியாத பெட்ரோலினுடையது. சோக் முழுவதும் திரும்பாதிருத்தல், காற்று வடிகட்டி அடைத்திருத்தல், ஒரு பிளக் எரியாதிருத்தல் இவற்றைப் பார்க்க வேண்டும். கறுத்து ஈரமாயிருக்கும் பிளக் உண்மையைச் சொல்லும். பின்பெட்டியின் கதவு ரப்பரும், தரையிலுள்ள துவார அடைப்புகளும் கெட்டிருந்தால் இந்த நாற்றம் உள்ளே நுழையும். அதில் நச்சுப் புகையும் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

டாங்கியிலேயே ஓட்டை விழுந்தால், வழியில் அகப்பட்டுக்கொண்டவர்கள் சலவை சோப்பைப் பிசைந்து அப்பி வீடு வந்து சேர்வது பழைய கைமுறை. பெட்ரோலில் சோப்பு எளிதில் கரையாததால் அது பலிக்கிறது. ஆயினும் வீடு வரைக்குமே அதற்கு ஆயுள். காலியான டாங்கியை வெல்டிங் செய்யக் கொடுப்பது மட்டும் ஒருக்காலும் கூடாது. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே அபாயம் மிக்கது, ஏனெனில் அதற்குள் காற்றும் ஆவியும் வெடிக்கும் விகிதத்தில் கலந்திருக்கின்றன. தண்ணீர் விட்டு அலசினாலும் மடிப்புகளில் தங்கிய பெட்ரோல் சூட்டில் மறுபடி ஆவியாகும். இவ்வேலையையே தொழிலாகக் கொண்டு, முறைப்படி ஆவி நீக்கிச் செய்பவர்களிடம் கொடுக்கலாம். அன்றேல் வேறு டாங்கி பூட்டுவதே நன்று.

பழுது பார்த்த பின்பும் நாற்றம் ஓரிரு நாள் நீடிப்பதுண்டு. பின்பெட்டி விரிப்பிலும் ஆசனப் பஞ்சிலும் ஊறியிருப்பதே அதற்குக் காரணம். அவற்றை வெளியே எடுத்து வெயிலில் காயவைத்து, வண்டியை அவையின்றி ஓர் இரவு கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, புதிதாகப் பூட்டிய இணைப்புகளின் கீழே மறுபடியும் வெள்ளைக் காகிதம் வைத்துக் காலையில் பார்க்க வேண்டும். காகிதம் உலர்ந்திருந்தால் விரிப்பைத் திரும்பப் போடலாம்.