2023-ஆம் ஆண்டின் இசையில் நம் இல்லத்தில் நிலைத்தவை

ஆண்டு முடியுந் தறுவாயில் அவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்புகளை வரிசைப்படுத்துவது இசையன்பர்களின் வழக்கம். ஆயின், புதுப்பாட்டின் ஆரவாரம் அடங்கிய பின்னரே அதன் தரம் விளங்கும். ஆதலின், கழிந்துபோன 2023-ஐ எடுத்துக்கொண்டு, அவ்வாண்டு வெளிவந்தவற்றுள் இன்றளவும் நமது இல்லத்தில் ஒலிப்பவை எவை என்பதை அன்பர்களுக்குக் கூற முற்படுகிறோம். நாம் சங்கீத விற்பன்னர் அல்லோம்; இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதும் எழுத்தரே. நாச்சாரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்திற்கு ஒரு பாட்டினால் விளையும் பயன் யாது என்பதே நமது அளவுகோல்.

நம் நிலையை அன்பர்கள் அறிவர். தெருவில் தெலுங்கு, கடைவீதியில் உருது கலந்த இந்தி, பள்ளியில் ஆங்கிலம், வீட்டிற்குள் மட்டுமே தமிழ். நம் குழந்தைகள் தமிழ் பேசுகின்றனர், படிப்போர் சிலரே. எனவே, அவர்களைத் தமிழ் எழுத்தின் பக்கம் அழைத்துவரும் பாட்டுக்கே முதலிடம் தந்தோம்.

அவ்வகையில் முன்னிற்பது, 2023 ஏப்ரலில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்திற்கு ஏ.ஆர். ரகுமான் அமைத்த இசை. அதில் இளங்கோ கிருஷ்ணன் இயற்றி, சக்திஸ்ரீ கோபாலன் பாடிய 'அகநக' என்னும் பாட்டைக் கேட்ட நம் மகள், "அகநக என்றால் என்னப்பா?" என்று வினவினாள். அச்சொல் வள்ளுவர் பெருமான் நட்பு அதிகாரத்தில் ஆண்ட சொல்லாயிற்றே! திருக்குறளை எடுத்து 786-ஆம் குறளைக் காட்டினோம். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாடநூலுக்கு வெளியே அவள் தானே விரும்பிப் படித்த முதல் தமிழ் அதுவே. ஒரு திரைப்பாட்டு வேறென்ன செய்ய வேண்டும்?

அடுத்தது இளையராஜாவின் 'விடுதலை' முதற்பாகம். சுகா எழுதிய 'ஒன்னோட நடந்தா' என்னும் பாட்டைத் தனுஷுடன் பாடியவர் அனன்யா பட். மைசூரைச் சேர்ந்த கன்னடப் பாடகி. பிறமொழி நாட்டில் பிறந்த ஒருவர் தமிழை இத்துணை இனிமையாகப் பாடும்போது, தமிழ்த் தாய்தந்தையர்க்குப் பிறந்த பிள்ளைகளால் இயலாதா என்ற எண்ணம் நமக்கு எழுகிறது.

மூன்றாவது 'மாமன்னன்'. யுகபாரதியின் 'ராசா கண்ணு' பாட்டைப் பாடியவர், நகைச்சுவைக்குப் பேர்போன வடிவேலு. சிரிப்பதற்கு ஆயத்தமாக அமர்ந்த பிள்ளைகள், அக்குரலிலிருந்த துயரத்தைக் கேட்டு அமைதியாகிவிட்டனர்.

சொற்களின்றியும் இசை பேசும் என்பதற்குச் சான்று, சக்தி குழுவினரின் 'திஸ் மொமென்ட்'. 1977-க்குப் பின்னர், 46 ஆண்டுகள் கழித்து அவர்கள் இசைக்கூடத்தில் பதிவுசெய்த தொகுப்பு இது. 2024 பிப்ரவரியில் கிராமி விருதும் பெற்றது. பழைய குழுவில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம்; இதில் கஞ்சிரா வாசிப்பவர் அவர்தம் மைந்தர் செல்வகணேஷ். தந்தையின் கலையைத் தனயன் காத்து நிற்பது பெற்றோர்க்கெல்லாம் உவகை தருவது. தபலா மேதை ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்தமையால், இத்தொகுப்பைக் கேட்குந்தோறும் நம் நெஞ்சம் கனக்கிறது.

ஐந்தாவதாக, அவ்வாண்டு தொடங்கிய 'கோக் ஸ்டுடியோ தமிழ்' என்னும் பாடல் தொடர். இதனை வடிவமைத்த ஷான் ரோல்டன், நாவலாசிரியர் சாண்டில்யனின் பேரர் என்றதும், 'கடல் புறா'வை வாரந்தோறும் காத்திருந்து படித்த நம் அன்னையாரும் வந்து அமர்ந்துவிட்டார். கருநாடக இசையில் தேர்ந்த சஞ்சய் சுப்ரமண்யனும் இத்தொடரில் பாடியுள்ளார். மூன்று தலைமுறையினர் ஒருங்கே அமர்ந்து கேட்ட தொகுப்பு இது ஒன்றே.

தெலுங்கு 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் 'நாட்டு நாட்டு' பாட்டு 2023 மார்ச்சில் ஆஸ்கர் பரிசு பெற்றது. படம் முந்திய ஆண்டினது ஆகையால் கணக்கில் சேர்க்கவில்லை. எனினும் கூறாது விடுதல் நன்றியன்று. அதைப் பாடிய இருவருள் ராகுல் சிப்லிகஞ்ச் நம் ஹைதராபாத்துக்காரர். இசையமைத்த கீரவாணியே, 1991-இல் 'அழகன்' படத்தின் வாயிலாக நாம் அறிந்த மரகதமணி. அண்டை வீட்டாரின் பெருமையில் நமக்கும் பங்குண்டு. தம்மொழியைப் போற்றுவோர்க்குப் பிறர்மொழியின் ஏற்றம் பொறாமை தருவதன்று.

அன்பர்களே! இன்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு தனித்தனியே கேட்கின்றனர். அவ்வாறு கேட்கும் பாட்டு, பொருள் விளங்காமலே காற்றில் கலந்துவிடும். ஞாயிறுதோறும் அரைமணி நேரம் குடும்பத்தோடு அமர்ந்து ஒரு தமிழ்ப் பாட்டைக் கேளுங்கள். பின்னர், அதன் சொற்களைப் பிள்ளைகளின் கையாலேயே தமிழில் எழுதச் செய்யுங்கள். பிழைகள் மலிந்திருக்கலாம், அதனாலென்ன? செவிவழி வந்த தமிழ் கைவழியும் வருமாயின், நாச்சாரத்தில் வளரும் பிள்ளைக்கும் அது தாய்மொழியாகவே நிலைக்கும்.