ஒரு புள்ளி அமுங்கினால் மரமும் கரமாகும்!

கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின் என்று வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும், அதைத் துடைத்து, உறை போட்டு, எண்ணெய் விட்டுக் காப்பாற்றுகிற வேலை கடைசியில் நம் தலையில்தான் விழும். பார்வையில்லாத பிள்ளையோ, கணவரோ, மாமனாரோ உள்ள சில வீடுகளில் இப்போது இன்னொரு சாமானும் சேர்ந்திருக்கிறது. அதன் பெயர் பிரெய்ல் டிஸ்ப்ளே. இதற்கு மட்டும் எண்ணெய் ஒரு சொட்டுகூட ஆகாது!

"அது என்னங்க சாமான்?" என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

பிரான்ஸ் நாட்டு லூயி பிரெய்ல் (1809-1852) கண்டுபிடித்த புள்ளி எழுத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தடித்த காகிதத்தில் புடைத்து நிற்கும் புள்ளிகளை விரலால் தடவிப் படிப்பது. பிரெய்ல் டிஸ்ப்ளேயில் காகிதமே கிடையாது. நீளவாக்கில் வரிசையாக எழுத்துக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பாலும் எட்டுக் குட்டி ஊசிகள். கம்ப்யூட்டரோடோ செல்போனோடோ இணைத்துவிட்டால், திரையில் வருகிற வரிக்கு ஏற்ப இந்த ஊசிகள் எழும்பி நிற்கும். படித்துவிட்டுப் பட்டனை அமுக்கினால், இவை இறங்கி அடுத்த வரி எழும்பும்.

ஊசியைத் தூக்குவது எது தெரியுமா? மின்சாரம் பாய்ந்தால் லேசாக வளைந்து கொடுக்கும் மெல்லிய பட்டை ஒன்று. சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாவதை 1880-ல் கண்டுபிடித்தவர்கள், மேரி கியூரியின் கணவர் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும். அதே தன்மையைத் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். ஊசி எழும்பும் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 40 கட்டம் உள்ள கருவியில் 320 ஊசிகள்! ஒவ்வொன்றும் தன் துளைக்குள் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும்.

அழுக்கு செய்யும் அக்கிரமம்

விரலில் இருக்கிற எண்ணெயும் வியர்வையும் தூசியோடு சேர்ந்தால் பிசுக்கு. அது துளைக்குள் இறங்கினால் ஊசி ஒட்டிக்கொள்ளும். எழும்ப வேண்டியது எழும்பாது, அல்லது பாதியில் நிற்கும்.

ஒரு புள்ளிதானே போகட்டும் என்று விட முடியாது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ல் முடிவான பாரதி பிரெய்ல் முறையில்தான் தமிழும் எழுதப்படுகிறது. அதில் 'ம' என்பதற்கு 1, 3, 4 ஆகிய புள்ளிகள். 'க' என்பதற்கு 1, 3. நாலாவது புள்ளி அமுங்கிப் போனால் 'மரம்' 'கரம்' ஆகிவிடும். மடல் கடலாகிவிடும்!

கதைப் புத்தகமானால் சிரித்துவிட்டுப் போகலாம். எண்களைப் பாருங்கள். 1 என்பதற்கு முதல் புள்ளி மட்டும். 2 என்பதற்கு முதலும் இரண்டும். இரண்டாவது புள்ளி எழும்பாவிட்டால், "2 மாத்திரை" என்பது "1 மாத்திரை" ஆகிவிடும். நாம் படிக்கும் காகிதத்தில் கறை பட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியும், சந்தேகம் வரும். விரலுக்கு அந்தச் சந்தேகம் வர வழியே இல்லை. தப்பான எண்ணும் சரியான எண்ணைப் போலவேதான் தட்டுப்படும்.

எழுத்துப் பழகும் குழந்தையின் கஷ்டம் இதைவிடப் பெரிது. "நேத்திக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னிக்கு மறந்து போச்சா?" என்று அதட்டுவதற்கு முன்னால், அதே வார்த்தையை வேறு கட்டத்தில் வரும்படி நகர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே சரியாகப் படித்தால் குற்றம் குழந்தை மேல் இல்லை, அந்தக் கட்டத்து ஊசி மேல்! எல்லாப் புள்ளிகளையும் ஒரே சமயத்தில் எழுப்பிப் பார்க்கும் வசதியும் பல மாடல்களில் உண்டு.

கை சுத்தம்தான் பாதி வேலை

தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு எண்ணெய் தடவிய கை, முறுக்கு தின்ற கை, க்ரீம் பூசிய கை, பவுடரோ விபூதியோ ஒட்டிய கை எதுவும் உதவாது. கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிபன் சாப்பிடும் வழக்கமும் வேண்டாம். சமையல் குறிப்பைப் படித்துப் பார்த்துச் சமைக்கும் சகோதரிகள், தாளிக்கிற எண்ணெய் தெறிக்காத தூரத்தில் தனி மேஜை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

துடைக்கும் முறை

முதலில் கருவியை ஆஃப் செய்து, சார்ஜர் ஒயரைக் கழற்றுங்கள். மூக்குக் கண்ணாடி துடைக்கிற மாதிரி, நூல் பிரியாத மெல்லிய துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். துணி ஈரமாக இருக்கலாமே தவிர, சொட்டக்கூடாது. எழுத்து வரிசையின் மேல் அழுத்தாமல், பூப்போல ஒற்றித் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒரு தரம். ஈரம் முழுக்கப் போன பிறகே ஆன் செய்ய வேண்டும்.

பிசுக்கு விடவில்லையென்றால், கருவியோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் பாருங்கள். ஆல்கஹாலை லேசாகத் தொட்டுத் துடைக்கலாம் என்று சில கம்பெனிகள் சொல்லும். சில கம்பெனிகள் கூடாது என்று சொல்லும். உங்கள் மாடலுக்கு எது சொல்லியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

கூடவே கூடாதவை

- தண்ணீரையோ, கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ நேராகக் கருவி மேல் தெளிப்பது.
- ஊக்கு, கொண்டை ஊசியால் புள்ளியை நெம்புவது.
- சிக்கிய ஊசிக்குத் தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விடுவது. தையல் மெஷின் வைத்தியம் இதற்கு விஷம்!
- வாயால் ஊதுவது. தூசி போவதற்குப் பதில் எச்சில் ஈரம் உள்ளே போகும்.
- பிரித்துப் பார்ப்பது.

காப்பியோ தண்ணீரோ கொட்டிவிட்டால் உடனே ஆஃப் செய்து, ஒயரைக் கழற்றி, மேலாகத் துடைத்துவிட்டு ரிப்பேர் செய்பவரிடம் சேர்த்து விடுங்கள். "ஓடுதான்னு பார்ப்போமே" என்று ஆன் செய்ய வேண்டாம். வெயிலில் காய வைப்பதும், ஹேர் டிரையர் காட்டுவதும் வேண்டாம்.

மழைக்காலத்திலும், கடலோர ஊர்களிலும் ஈரக்காற்று ஜாஸ்தி. வேலை முடிந்ததும் உறைக்குள் போட்டு மூடுங்கள். புதுச் செருப்பு டப்பாவில் வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் ஒன்றை உறையில் போட்டு வைக்கலாம். கைக்குழந்தை எடுத்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டுத் தொடுங்கள்

அவர் படித்துக்கொண்டிருக்கும் கருவியைச் சொல்லாமல் எடுத்துத் துடைப்பது, நாம் படிக்கிற பத்திரிகையைப் பிடுங்குவது போல. "துடைச்சுத் தரட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வையுங்கள். இடம் ஒரு சாண் மாறினாலும் அவர் மேஜை முழுக்கத் துழாவ வேண்டியிருக்கும்.

பிள்ளை கொஞ்சம் பெரியவனாகிவிட்டால், துணியை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பிசுக்கு எங்கே இருக்கிறது, எந்த ஊசி சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று நம் கண்ணைவிட அவன் விரலுக்குத்தான் சீக்கிரம் தெரியும். தினம் கை கழுவுவது, வாரம் ஒரு முறை துடைப்பது, மாதம் ஒரு முறை எல்லாப் புள்ளிகளையும் எழுப்பிச் சோதிப்பது, இந்த மூன்றும் பழக்கமாகிவிட்டால் போதும். லட்ச ரூபாயைத் தாண்டும் மாடல்கள் இருக்கின்றன. அதைக் காப்பாற்றச் செலவாவது என்னவோ ஒரு துண்டுத் துணியும், வாரத்தில் ஐந்து நிமிஷமும்தான்!