மருந்து மலிவு, இடைநிறுத்தம்தான் செலவு

மனச்சிதைவு நோய்க்கான குளோர்புரோமசின், ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகள் விலை குறைந்தவை. இலங்கை அரச மருத்துவமனைகளில் சிகிச்சையும் இலவசம். ஆனாலும் குடும்பங்கள் நொடிந்து போகின்றன. நோயாளியால் உழைக்க முடிவதில்லை. பார்த்துக்கொள்ளும் தாயும் வேலைக்குப் போக முடிவதில்லை. சற்றுச் சுகமானதும் மருந்தை நிறுத்தினால், நோய் திரும்பிவிடுகிறது.

தமிழ்நாடு உட்பட இந்தியாவின் மூன்று இடங்களில் 282 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் ஒரு வருடம் வீடு தேடிச் சென்று உதவினார்கள். 2014இல் வெளியான முடிவின்படி செலவு கூடியது. ஆனால் மற்றவர்களை விட இவர்களின் நிலை ஓரளவு மேம்பட்டது.

இல்-பிசாரில் இருந்து ஊருக்குப் பணம் அனுப்புவோர் கவனிக்க வேண்டியது இதுதான்: பரிகாரத்துக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கு, கிளினிக்குக்குப் போகும் ஓட்டோவுக்கும், கூடப் போகிறவரின் நாட்கூலிக்கும் போகட்டும்.