தோட்டத்துப் பிள்ளைகள் தாதியராவதற்கு

மாத்தளை மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் தமிழர் என்பது 2012 குடிசன மதிப்பீட்டுக் கணக்கு. அவர்களில் கணிசமானோர் எல்கடுவை, இரத்தோட்டை, கந்தேநுவரைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் மலையக மக்கள். நோய் முற்றினால் இவர்கள் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத்தான் வருகிறார்கள். வலி எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் தன் மொழியில் சொல்ல முடியாத நோயாளிக்குச் சிகிச்சையே பிழையாகிப் போகலாம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. ஆனால் கட்டிலருகே அந்த உரிமை நிலைப்பதும் பறிபோவதும் தாதியரைப் பொறுத்தது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் நோயாளியோடு இருப்பவர்கள் அவர்கள்தாம். ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் அதிகமாக இத்தொழிலுக்கு வர வேண்டும். அதற்கு இட ஒதுக்கீடு ஒன்றே போதும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்னரும், சேர்ந்த பின்னருமே அதிகம் தடுமாறுகிறார்கள்.

தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். ஆனால் அவற்றைப் படிக்கும் வாய்ப்பு தோட்டங்களுக்குப் பிந்தியே வந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகச் சமூகத்துக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தச் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றன. ஆய்வுகூடமும் தமிழில் பௌதிகவியல், இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியரும் இம்மக்களுக்குப் பிந்திக் கிடைத்தவை. பட்டப்படிப்பை நாடுபவருக்கு இன்னொரு இடரும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியது. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் உண்டு, மாத்தளை இல்லை. இரத்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்கிறது. மாவட்டச் சராசரிக்குள் தோட்டம் காணாமற் போகிறது.

இத்தனையும் தாண்டிச் சேர்ந்தவர் முன்னே ஆங்கிலப் பாடப் புத்தகமும், சிங்களம் பேசும் வார்டும், தன் உழைப்பை எதிர்பார்க்கும் வீடும் நிற்கின்றன. இடையில் விலகுவது சோம்பலால் அல்ல. இத்தகைய மாணவருக்குக் கைகொடுத்த முன்னுதாரணம் உண்டு: கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் பூர்வகுடி மாணவருக்கான தாதியர் ஆதரவுத் திட்டத்தை 1985இலேயே தொடங்கியது. அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரைக் கூட்டுவதோடு நில்லாமல், அவர்களைத் தம் மக்களிடையே தக்கவைக்கவும் கோரியது. மலையக மக்களின் வரலாறு வேறு. ஆயினும் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

இப்படிக் கைகொடுத்தால் தரம் இறங்கிவிடாதா என்று கேட்கலாம். இறுதிப் பரீட்சையும் பதிவும் எல்லோருக்கும் ஒன்றே; தளர்த்தச் சொல்வது அதையல்ல, அதுவரை நடந்து வரும் வழியைத்தான். சிங்களத் தாதியருக்குத் தமிழ் கற்பித்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் கொழுந்து பறிக்கும் கைகளின் வெடிப்பையும், லயத்து அறையின் நெரிசலையும் வாழ்ந்து அறிந்தவரின் விசாரிப்பு மொழிப் பயிற்சியால் மட்டும் வராது. படித்ததும் வெளிநாடு போய்விடுவார்களே என்ற கவலையை மலையகப் பிள்ளைகள்மேல் மட்டும் சுமத்துவது அநீதி. அண்மைய பொருளாதார நெருக்கடியில் எல்லாச் சமூகத்துத் தாதியரும் போனார்கள்.

செய்யக்கூடியவை நம் கைக்கெட்டியவையே. மாத்தளையில் தமிழ்வழி விஞ்ஞான உயர்தர வகுப்புக்கு நிலையான ஆசிரியர்கள் வேண்டும். கண்டி தாதியர் கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் முதலாண்டு தொடங்குமுன் சில மாத ஆங்கில ஆயத்த வகுப்பு நடத்தலாம். மூத்த தமிழ்த் தாதியர் ஒவ்வொருவரும் புதிதாய்ச் சேர்ந்த ஒரு பிள்ளைக்குப் பயிற்சி முடியும்வரை துணை நிற்கலாம்.