மாசி ராத்திரியும் மார்ச் பரீட்சையும்

தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மனை யாரும் பார்த்ததில்லை. ஊரிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில், மஞ்சளாற்றங்கரையில் இருக்கிறது கோயில். கருவறைக் கதவு திறப்பதே இல்லை. சாத்திய கதவுக்குத்தான் மாலை, கதவுக்குத்தான் தீபாராதனை. தேங்காயை உடைக்காமலும் வாழைப்பழத்தை உரிக்காமலும் படைக்கிறார்கள். நேர்த்திக்கடனில் பெரியது நெய். வெள்ளத்தில் மிதந்து வந்த மூங்கில் பெட்டி இங்கே மூங்கில் புதரில் தட்டி நின்றது என்பது ஊர்க்கதை. "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் இல்லை. "அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று சொல்லாத அப்பத்தாவும் இல்லை. அன்றும் அந்தக் கேள்விதான், இன்றும் அந்தப் பதில்தான். மாறியிருப்பது, கேட்ட பிள்ளை வளர்ந்தபின் மாசித் திருவிழாவில் எங்கே நிற்கிறது என்பது.

மதுரை, தேனிப் பக்கத்தில் மகா சிவராத்திரி என்றால் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் நாள். காமாட்சியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். எங்கள் பிள்ளைப் பிராயத்தில் அவை கூண்டு வண்டியிலும் நடந்தும் வந்து, ஆற்றங்கரையில் அடுப்புக் கூட்டி, இரவு முழுக்க அங்கேயே கிடந்தன. அந்த இரவில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வேலை இருந்தது. ஐந்து வயதுக்காரன் தாய்மாமன் தோளில் உட்கார்ந்திருந்தால் போதும். எட்டு வயதில் நெய்த் தூக்கு கைக்கு வரும். சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பத்து, பன்னிரண்டில் மூட்டை முடிச்சுக்குக் காவல், மாட்டுக்குத் தண்ணீர். பதினைந்தில் விடிய விடியக் கண்விழிக்க அனுமதி. அதற்கும் மேலே வண்டியின் கயிறு. போன வருடம் தம்பி செய்ததை இந்த வருடம் தங்கை செய்வாள், அண்ணன் செய்ததைத் தம்பி செய்வான். யாரும் உட்காரவைத்து எதையும் கற்றுத்தரவில்லை. படைக்கும் முன் ஞாபகமில்லாமல் பழத்தை உரித்தவனுக்கு முதுகில் ஓர் அடி விழும். அதற்கப்புறம் அவனுக்கு அந்த வழக்கம் மறக்காது.

இன்று திருவிழா சிறுத்துவிடவில்லை, பெருத்திருக்கிறது. சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன, கார்கள் வரிசை கட்டுகின்றன, இரவு பகல்போல் வெளிச்சம். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் காலையில் கிளம்பிய குடும்பம் கும்பிட்டுவிட்டு அன்றே திரும்பிவிடுகிறது. நெய் தூக்கில் வருவதைவிடப் பொட்டலத்திலும் டப்பாவிலும் வருவது அதிகம். சிந்த வழியில்லை, சுமக்க ஒரு பிள்ளையும் தேவையில்லை. கூட்டத்தில் ஐந்து வயதுக்காரர்களைப் பார்க்கிறேன், அப்பாவின் தோளில். நாற்பது வயதுக்காரர்களைப் பார்க்கிறேன். நடுவில் ஒரு வயது காணாமல் போயிருக்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வரை.

செல்போனைத் திட்டுவது சுலபம். எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் இந்த விஷயத்தில் குற்றவாளி செல்போன் அல்ல, நாட்காட்டி. சிவராத்திரி பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் விழுகிறது. 2024-இல் பிளஸ் டூ தேர்வு தொடங்கியது மார்ச் 1. சிவராத்திரி மார்ச் 8. 2025-இல் சிவராத்திரி பிப்ரவரி 26; தேர்வு மார்ச் 3. இதில் எந்தத் தாய் பிள்ளையை இரவு முழுக்கக் கண்விழிக்க விடுவாள்? போதாக்குறைக்கு, தமிழக அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் மகா சிவராத்திரி இல்லை. கூலிக்காரர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரலாம். பள்ளி மணி அடித்தபடிதான் இருக்கும்.

முன்பும் பரீட்சை இருந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன், பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஒன்றுதான் பள்ளியில் பொதுத்தேர்வு. அதுவரை படித்தவர்களும் தெருவுக்குச் சிலர். அதன்பின் பத்தும் பன்னிரண்டுமாக இரண்டு ஆனது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னும் சேர்ந்து மூன்று ஆனது. தொடர்ந்து மூன்று மாசி மாதங்கள் ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போயின. 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். கல்வியாளர்கள் அதற்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது, ஒரு மாசி திரும்பக் கிடைத்தது.

இழப்பை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். அந்தக் காலத்து இரவு விழிப்பு ஆண்பிள்ளைகளுக்கானது. எங்கள் தெருவில் வயதுக்கு வந்த பெண்ணை இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு மிஞ்சியது முளைப்பாரியும் கும்மியும். இன்று அதே தெருப் பெண் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள், பெரியகுளத்தில் கல்லூரி படிக்கிறாள். மாசி ராத்திரியைப் பரீட்சை விழுங்கியது உண்மை. அந்தப் பரீட்சைதான் அவளை வெளியே கொண்டுவந்தது என்பதும் உண்மை. முளைப்பாரி மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பயறு வாங்கி, இருட்டறையில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்துப் பாட்டுப் பாடி வளர்த்தவர்கள் பெண்பிள்ளைகள். இப்போது யாராவது ஒருவர் வீட்டில் மொத்தமாக வளர்கிறது; பிள்ளைகள் ஊர்வலத்தன்று பட்டுப்பாவாடையோடு வந்து தூக்கிக்கொள்கிறார்கள். தூக்குவதற்கு முந்தைய நாட்கள் போய்விட்டன.

பள்ளிக்கணக்கோடு ஒத்துப்போன திருவிழாக்களுக்கு ஒரு குறையும் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சித்திரைக் கடைசிச் செவ்வாயில் தொடங்கி எட்டு நாள். மே மாதம், பள்ளி கிடையாது. போதாததற்குத் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறையும் விடுகிறார்கள். மாசியில் காணாத அந்தப் பதினாறு வயதுக்காரர்கள் அத்தனை பேரும் வீரபாண்டியில் இருக்கிறார்கள், அம்மா எடுக்கும் அக்கினிச்சட்டிக்குப் பக்கத்தில் வேப்பிலையோடு நடந்துகொண்டு, பிறகு ராட்டினத்தில். பக்தி சித்திரையில் கூடி மாசியில் குறைந்துவிடுமா என்ன?

பள்ளி விடுமுறையில் வரும் பாக்கியம் பொங்கலுக்கும் உண்டு. போகியன்று மாலை வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பீளை மூன்றையும் சேர்த்துக் கட்டி, வீட்டு இறவாணத்திலும் தோட்டத்து மூலையிலும் காப்புச் செருகுவது இன்னும் விடவில்லை. பறித்துவர ஓடியவை பிள்ளைக் கால்கள். எந்த வரப்பில் கண்ணுப்பீளை பூக்கும், எந்தக் கரட்டில் ஆவாரை நிற்கும் என்பது பத்து வயதில் அத்துப்படி. இப்போது சந்தையில் கட்டாகவே விற்கிறது. காப்பு இருக்கிறது, கண்ணுப்பீளையைச் செடியாகப் பார்த்த பிள்ளைகள் குறைவு.

புதிதாக ஒட்டிக்கொண்டதும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்த கர்னல் பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15. அந்த நாளில் பாலார்பட்டிக்காரர்கள் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் இந்த வழக்கம் காதில் விழுந்ததில்லை. இனி வரும் பிள்ளைகள் இதை ஆதிகாலத்து வழக்கம் என்றே நினைப்பார்கள். தேவதானப்பட்டி வயலுக்கு அவர் அணைத் தண்ணீர் வருவதில்லை, எங்களுடையது மஞ்சளாற்றுப் பாசனம். இருந்தும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது: வெள்ளைக்காரர் பள்ளி விடுமுறையாகப் பார்த்துப் பிறந்திருக்கிறார்.

பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டில் மாசியில் அப்பா மட்டும் போய் நெய் கொடுத்துவிட்டு வருகிறார். பரீட்சை முடிந்ததும் குடும்பமாக ஒரு வெள்ளிக்கிழமை. அன்று கோயிலில் கூட்டமில்லை, நின்று கும்பிடலாம், அப்பத்தாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். ஆனால் மாமன், சித்தப்பா, பங்காளிகள் யாரும் அன்று வரமாட்டார்கள். ஒரே இரவில் ஒரே இடத்தில் கூடியவர்கள், தனித்தனி வெள்ளிக்கிழமைகளில் வந்துபோகிறார்கள். சில வீடுகள் சிவராத்திரியன்று மாலை ஆறு முதல் ஒன்பது வரை பிள்ளையைக் கூட்டிவந்து ஒரு வேலையைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகின்றன. எனக்குப் பிடித்தது இதுதான். மூன்று மணி நேரமானாலும் பிள்ளை கையில் ஒரு பாத்திரம் இருக்கிறது.

2026-இல் சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. பரீட்சைக்கு முன்னால் விழுகிற நல்ல தேதி. 2027-இல் மார்ச் 6. இப்போது பதினொன்றில் பிள்ளை இருக்கும் வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிட்டது: "இந்த வருஷம் எல்லாருமாப் போயிட்டு வந்துருவோம், அடுத்த வருஷம் இவனுக்குப் பரீட்சை."