பட்டாம்பூச்சி பார்க்கத் தயாரா?

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ்நாட்டில் பட்டாம்பூச்சி பார்க்க அருமையான காலம். அதற்கு இப்போதே தயாராகலாம், நேயர்களே.

முதல் வேலை, செடிகளை அறிந்துகொள்வது. வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி எருக்கஞ்செடியைத் தேடி வந்து முட்டையிடும். உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையையும் உற்றுப் பாருங்கள். இலைமேல் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். வளர வளர அது பச்சையாகிவிடும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையாகச் சிவந்த கொம்பு நீளும். கூடவே ஒரு நெடி வீசும்! அதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தச் செடியில் மருந்தடிக்க மனம் வராது.

வெயில் ஏறும் காலை 8 மணி முதல் 11 மணி வரை நல்ல நேரம். ஓடையோர ஈரமணலில் உப்புச்சத்தை உறிஞ்ச ஆண்பூச்சிகள் கூட்டமாக வந்து அமரும். மேட்டுப்பாளையம் அருகே கல்லாற்றில் இதைக் காணலாம். தேதி, இடம், செடி மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

2019-இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழ்வது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆரஞ்சு நிறச் சிறகைத் தேடுங்கள். கண்ணால் பாருங்கள், படமெடுங்கள்; தயவுசெய்து பிடிக்காதீர்கள்.