அதே கதிரையில் இருப்பவர்

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு ரொறன்ரோவில் மருத்துவத்துக்குக் குறைவில்லை. லின்ட்ஹர்ஸ்ட் மறுவாழ்வு நிலையத்தில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும், சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்ளவும் பழக்கித்தான் அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். நகரின் மல்வேர்ன் பகுதியில் நம்மவர் வாங்கிய வீடுகள் பலவற்றில் வாசலில் படி, படுக்கையறையும் குளியலறையும் மேல்மாடியில். வாடகைக்கு என்றால் பேஸ்மென்ட். முதல் மாதம் சனம் அப்பிளும் ஹோர்லிக்ஸுமாக வந்து குவியும். "கடவுள் இருக்கிறார் தம்பி" என்பார்கள். பிறகு அவரவருக்கு வேலை, ஓவர்டைம், ஸ்நோ.

இந்தத் தனிமையை இதே நகரத்தில் முன்பே சிலர் உடைத்திருக்கிறார்கள். 1942 ஆகஸ்டில் டியப் கடற்கரைத் தாக்குதலில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தவர் ஜோன் கவுன்செல் என்ற கனடிய அதிகாரி. முதல் உலகப் போரில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவிலேயே இறந்துபோனார்கள். இரண்டாம் போரில் மருந்து உயிரைக் காப்பாற்றியது. ஆனால் காப்பாற்றப்பட்டவர் எங்கே போவது? 1945இல் லின்ட்ஹர்ஸ்ட் லொட்ஜ் அவர்களுக்காகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு கவுன்செலும் தோழர்களும் கனடிய பராப்பிளீஜிக் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்டவர்களே நடத்திய சங்கம் அது. அதன் வழிவந்த ஸ்பைனல் கோர்ட் இஞ்சரி ஒன்ராறியோ, புதிதாக அடிபட்டவரைப் பல வருடம் அதே கதிரையில் வாழ்ந்தவரோடு சேர்த்துவிடும் வேலையை இன்றும் செய்கிறது.

இந்தச் சேர்த்துவிடல்தான் என்னைப் பொறுத்தவரை மருந்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. அடிக்கடி கைகளை ஊன்றி இடுப்பை உயர்த்து, இல்லாவிட்டால் புண் வரும் என்று தாதி சொல்லித் தருவார். மூன்று மணி நேரக் கல்யாண வீட்டில், ஆட்கள் பார்க்க, அதை எப்படிச் செய்வது என்பதை அனுபவப்பட்டவர்தான் சொல்வார். சூடான தேநீரை மடியில் வைக்காதே. சிந்தினால் தோல் வெந்துபோகும், உனக்குத் தெரியவே தெரியாது. காரின் சூடாகும் இருக்கையை நிறுத்து. மாசிக் குளிரில் அதுவும் சுட்டுவிடும். படுக்கப் போகுமுன் கண்ணாடி பிடித்து முதுகுப் பக்கத்தைப் பார். ஸ்நோவில் முன் சில்லு புதைந்தால் பின்னே சாய்ந்து அதைக் கொஞ்சம் தூக்கிக்கொள். கலியாணம், பிள்ளை, தாம்பத்தியம் என்று அம்மாவிடம் கேட்க முடியாத கேள்விகளுக்கும் அவரிடம்தான் பதில் உண்டு.

வன்னியில் இதை நம்மவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி மாங்குளத்தில் உருவாக்கியது உயிரிழை அமைப்பு. புலம்பெயர்ந்தவர்கள் அதற்குக் கைகொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் இப்படிக் காசு சேர்க்க இராப்போசனம் வைக்கும் மண்டபத்தின் கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கிறதா என்று நாம் அளந்து பார்ப்பதில்லை.

மல்வேர்ன்காரருக்கு வசதிகள் தூரத்தில் இல்லை. 401 நெடுஞ்சாலையைத் தாண்டினால் பான் ஆம் விளையாட்டு மையம். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கான தேசியப் பயிற்சியே அங்கேதான். டான்ஃபோர்த் பக்கம் வெரைட்டி வில்லேஜ் இருக்கிறது. முன்கூட்டியே பதிந்தால் வீல்-ட்ரான்ஸ் வண்டி வாசலுக்கு வரும். 1975 முதல் ஓடும் சேவை அது. மொழிதான் இடறுகிறது. ஐம்பது வயதில் வேலைத்தளத்தில் விழுந்த ஒருவருக்கு, மலச்சிக்கலைப் பற்றி ஆங்கிலத்தில் அந்நியரிடம் பேச வாய் வராது. தமிழில் பேச ஒருவர் கிடைத்தால் அவர் முதல் நாளே பேசிவிடுவார்.

ஸ்டெய்ன்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையத்துக்குத் திட்டமிடும் நாம், மாதம் ஒரு பின்னேரம் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கென ஓர் அறை கேட்கலாம். அது வரும்வரை நூலகத்தில் ஒரு மேசை போதும். அதற்கும் முன்னால், அவர்கள் வீட்டு வாசலில் ஒரு மரச் சாய்தளம் அடித்துக் கொடுக்க நாலு பேர் வேண்டும்.